ஓரைக் கட்டத்தை விரல் கணுவில் சரிபார்ப்பது எப்படி

சிவகாசியில் ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வந்தாக வேண்டும். அதற்கு முந்தைய வாரங்களில் எங்களுக்குச் சாப்பாடு தூக்கம் எல்லாம் ப்ரூஃப் தாளின் மேல்தான். தினசரித் தாளைப் பத்துப் பேர் பார்ப்பார்கள். எந்தக் கிழமையில் எந்த மணி நேரம் எந்தக் கிரகத்துக்கு என்று காட்டும் ஓரைக் கட்டம் பின் அட்டையில் வரும். அதை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஒரு வருஷம் புதன்கிழமை வரிசையில் 8–9 குரு, 9–10 சனி என்று இடம் மாறி அடித்திருந்தார்கள். பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் விரலை வைத்தே அதைப் பிடித்தேன். அந்த வழி இதுதான்.

முதலில் ஏழு பெயர்களை இந்த வரிசையில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். கிழமை வரிசை இல்லையே என்று குழம்ப வேண்டாம். இது மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரையான வரிசை. சனிப்பெயர்ச்சி இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை, குருப்பெயர்ச்சி வருஷத்துக்கு ஒருமுறை, சூரியன் மாதம் ஒரு ராசி, சந்திரன் இரண்டேகால் நாளில் ஒரு ராசி. நமக்குத் தெரிந்த கணக்குதான். சுக்கிரனும் புதனும் மட்டும் சூரியனை ஒட்டியே திரிவதால், அவற்றை எங்கே வைப்பது என்று பழைய கிரேக்கர்களுக்குள்ளேயே தகராறு இருந்தது.

இந்த நகர்வுகளை எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் பார்த்துக் களிமண் பலகையில் குறித்து வைத்தவர்கள் பாபிலோனியர்கள். அம்மிசதுகா என்ற அரசன் காலத்தில் வெள்ளி என்று தோன்றியது, என்று மறைந்தது என்று 21 வருஷத்துக்கான குறிப்பு ஒன்று இருக்கிறது. ‘வெள்ளி இப்படி மறைந்தால் நாட்டுக்கு இன்னது நடக்கும்’ என்று பலனும் கூடவே. எல்லாம் நாட்டுக்கும் அரசனுக்கும்தான். தனி மனிதனின் பிறப்பை வைத்துக் கிரக நிலை குறித்த பலகைகளில் இன்று கிடைப்பவற்றில் பழையது கி.மு. 410-ஐச் சேர்ந்தது. வானத்தைப் பன்னிரண்டு சம ராசிகளாகப் பிரித்ததும் அந்த நூற்றாண்டில், அதே ஊரார்தான்.

ஆனால் ஓரை அவர்களுடையது அல்ல. பகலுக்குப் பன்னிரண்டு, இரவுக்குப் பன்னிரண்டு என்று பிரித்தது எகிப்து. கிரகங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது கிரேக்கர். இரண்டும் சேர்ந்த இடத்தில் பிறந்ததுதான் ஓரை. வார்த்தையே கிரேக்கம்: ஹோரா.

சரி, எண்ணுவோம். கட்டை விரலை விடுங்கள். மற்ற நான்கு விரலிலும் மும்மூன்று கணு, ஆகப் பன்னிரண்டு. வலது கை பகல், இடது கை இரவு. ஞாயிற்றுக்கிழமை சூரிய உதயத்துக்கு முதல் கணுவில் சூரியனை வையுங்கள். அடுத்து சுக்கிரன், புதன், சந்திரன். சந்திரன் முடிந்ததும் திரும்பச் சனி, குரு, செவ்வாய். எட்டாவது கணுவில் மறுபடி சூரியன் வரும். பதினைந்திலும் இருபத்திரண்டிலும் அவரே. இருபத்து மூன்று சுக்கிரன், இருபத்து நான்கு புதன். இரண்டு கையும் தீர்ந்துவிட்டது. மறுநாள் முதல் கணுவுக்கு யார் வருகிறார்? சந்திரன். திங்கட்கிழமை!

முதன்முதலில் இதை எண்ணிப் பார்த்த அன்று நான் ஆபீஸ் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஏழு நாளையும் எண்ணி முடித்தேன். திங்களிலிருந்து எண்ணினால் செவ்வாய், அதிலிருந்து புதன். கிழமைகளுக்கு இந்த வரிசை ஏன் என்ற கேள்விக்கு விடை விரலிலேயே இருந்திருக்கிறது. ரோமாபுரி வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ மூன்றாம் நூற்றாண்டிலேயே இந்தக் கணக்கைச் சொல்லியிருக்கிறார். இந்தியாவின் பழைய வானியல் நூலான வேதாங்க ஜோதிடத்தில் கிழமையும் கிடையாது, ராசியும் கிடையாது, நட்சத்திரம்தான். மத்தியப் பிரதேசத்து ஏரண் தூணில் கி.பி. 484-ல் வெட்டிய கல்வெட்டு வியாழக்கிழமையைச் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டுக் கோளறு பதிகத்துக்கு வரும்போது கிரகங்கள் ஞாயிறு முதல் சனி வரை கிழமை வரிசையிலேயே நிற்கின்றன.

எங்கள் புதன்கிழமைக்கு வருவோம். 6–7 புதன், 7–8 சந்திரன், 8–9 சனி, 9–10 குரு. அடித்திருந்தது நேர்மாறு. கட்டம் முழுவதையும் எண்ண நேரம் இல்லையென்றால் பகல் 1–2 வரிசையை மட்டும் பாருங்கள். அது காலை 6–7 வரிசையின் அச்சு நகலாக இருக்க வேண்டும். நடுவில் இடம் மாறியது இதில் சிக்காது, வரிசை விட்டுப்போனது சிக்கும்.

காலண்டரில் ஆறு மணிக்கு ஆரம்பித்து அறுபது அறுபது நிமிடமாகப் போடுவது வசதிக்காக. பழைய முறையில் உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள நேரத்தைப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். சென்னையில் டிசம்பர் கடைசியில் பகல் சுமார் 680 நிமிடம். ஓரைக்கு 57 நிமிடம்கூட முழுசாக வராது. ஜூனில் 64 நிமிடத்தைத் தாண்டும்.

ஓரை பார்த்துப் போனால் காரியம் நடக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது கட்டம் சரியா தப்பா என்பது மட்டும். அப்புறம், ராகு காலத்துக்கு இந்தக் கணு உதவாது. அது பகலை எட்டாக வெட்டும் வேறு கணக்கு. அதற்கு நான் இன்னமும் ‘திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா’ என்று, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் ஒரு கிழமையாக வைத்து முணுமுணுத்துக்கொண்டேதான் டிக் அடிக்கிறேன்.