போட்டி இல்லாத பாய்மரப் படகு நாள்: பாக் விரிகுடாக் கரையில் கூடுவது எப்படி

ராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டி வட்டாரக் கரையூர்களில் பொங்கலையும் கோயில் திருவிழாவையும் ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். அது வேறு. இங்கே சொல்வது கோப்பையும் நடுவரும் இல்லாத கூடுகை. ஆளுக்கொரு சின்னப் படகைக் கொண்டுவந்து, ஒருவர் படகை இன்னொருவர் ஓட்டிப் பார்த்து, பாயை எப்படிக் கட்டுவது என்று வாக்குவாதம் செய்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்பும் நாள். அமெரிக்காவில் இதை மெஸ்அபௌட் என்பார்கள். இந்த நாளில் எல்லாமே தளர்வாக இருக்கலாம், தண்ணீரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கைத் தவிர.

முதல் தடவை எட்டுப் படகு, இருபது பேர் போதும். பன்னிரண்டு படகைத் தாண்டினால், கவிழ்ந்தவர்களுக்கு உதவ நிற்கும் இன்ஜின் படகான துணைப்படகு ஒன்றால் சமாளிக்க முடியாது. ஆப்டிமிஸ்ட் (சிறுவர் ஓட்டும் குட்டிப் படகு), லேசர் (ஒற்றை ஆள் படகு), ஹோபி (இரட்டை உடல் படகு), வீட்டில் ஒட்டுப்பலகையில் செய்த பெட்டிப் படகு என்று கலந்து வந்தால்தான் சுவாரசியம். எல்லாரும் ஒரே ரகம் கொண்டுவந்தால் பத்தாவது நிமிடத்தில் பந்தயம் தொடங்கிவிடும்.

நாள் குறிக்கும்போது காற்றைப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமையை அப்புறம் பார்க்கலாம். தொண்டிப் பக்கக் கரை கிழக்கு நோக்கியது. தை பிறந்து பங்குனி வரை வாடைக்காற்றும் (வடக்கு) கொண்டலும் (கிழக்கு) கடலிலிருந்து கரைக்குச் சாய்வாக வீசும். பாய்மரம் முறிந்தாலும் சுக்கான் கழன்றாலும் காற்றே கொண்டுவந்து கரை சேர்க்கும். ஆனியிலிருந்து கச்சான் என்னும் மேல்காற்றுக் காலம். அப்போது காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். கரையோரத் தண்ணீர் குளம்போல் கிடக்கும், அரை கிலோமீட்டர் தள்ளி வெள்ளை நுரை தெரியும். போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. அதோடு இது இலங்கையுடனான சர்வதேச எல்லைக்கோடு ஓடும் கடல், அடித்துக்கொண்டு போகும் படகு அந்தப் பக்கம்தான் போகும். கச்சான் வீசும் மாதங்களில் கூடுகை வைக்க நினைத்தால் கண்மாய்க்கோ ஏரிக்கோ மாறிவிடுங்கள்.

மணிக்கு 13 முதல் 19 கி.மீ. வேகக் காற்று இந்தப் படகுகளுக்கு உகந்தது. 20-ஐத் தாண்டினால் அங்கங்கே வெள்ளை நுரை எழும், பாயைச் சுருக்கிக் கட்ட வேண்டும். 30-ஐத் தொட்டால் படகை இறக்காதீர்கள். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல் என்பதால் அலை உயரமாக வராது. குட்டையாக, நெருக்கமாக வந்து படகை உலுக்கித் தண்ணீரை உள்ளே கொட்டும். இன்காய்ஸ் (இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம்) வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பை முந்தின நாள் மாலையும் அன்று விடியற்காலையும் பாருங்கள்.

இடத்துக்கு முதலில் ஊர்த் தலைவரிடம் கேட்க வேண்டும். மரியாதைக்காக மட்டும் இல்லை. கரையோரம் நண்டு வலை எங்கே கிடக்கிறது, கம்பு எங்கே ஊன்றியிருக்கிறது, எந்தப் பக்கம் திட்டு என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது. படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் நடுப்பலகையும் சுக்கானும் வலையில் சிக்கினால் வலை கிழியும். அதற்கு விலை கொடுக்க வேண்டும், அதைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுவதுதான் அடுத்த வருடமும் அந்தக் கரையில் கால் வைக்க ஒரே வழி. கடலோரக் காவல் நிலையத்துக்குத் தேதி, நேரம், படகுகளின் எண்ணிக்கை, எவ்வளவு தூரம் போவீர்கள் என்பதை ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுங்கள். அவர்கள் அனுமதி வாங்கச் சொன்னால் வாங்கிய பிறகே நாளை உறுதி செய்யுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் கடலோரக் காவல் குழுமத்தின் உதவி எண் 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554. இரண்டையும் எல்லார் கைபேசியிலும் ஏற்றச் சொல்லுங்கள்.

கடலடியில் புல்வெளி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆவுளியா என்னும் கடற்பசு மேய்வது அந்தக் கடற்புல்லைத்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததும் அதற்காகத்தான். நங்கூரத்தை மணலில் போடுங்கள், புல்லில் போட்டால் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். அறுந்து மிதக்கும் புல் சுக்கானில் சுற்றினால் படகு காரணமில்லாமல் மந்தமாகும். சுக்கானைத் தூக்கி உதறிவிட்டு இறக்கினால் சரியாகும்.

படகு ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டியவை: ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், அதில் விசில்; துடுப்பு ஒன்று; தண்ணீர் இறைக்க, வாய் அறுத்த பிளாஸ்டிக் கேன், கயிற்றால் கட்டியபடி; 8 மி.மீ. தடிமனில் மிதக்கும் கயிறு பத்து மீட்டர். ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர். நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு வேண்டும். இரண்டு மீட்டர் ஆழத்துக்குப் பத்து மீட்டர். இதைவிடக் குறைந்தால் நங்கூரம் நிற்காமல் இழுபடும்.

இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியது இரண்டு. படகின் பின்புறத்தில் தண்ணீர் வடிக்கும் தக்கை மாட்டியிருக்கிறதா? எந்தக் கூடுகையிலும் ஒருவராவது மறந்திருப்பார். அவர் படகு அரைமணியில் காரணம் தெரியாமல் கனத்துச் சாயும். இரண்டாவது, தலைக்கு மேலே மின்கம்பி. அலுமினிய மரத்தை நிமிர்த்தியபடி படகைத் தள்ளிக்கொண்டு போகும்போது எல்லார் கண்ணும் மணலில்தான் இருக்கும். கம்பி போகும் இடத்தில் மரத்தை நிமிர்த்தவே கூடாது.

கணக்குப் பலகை

இதற்குச் செலவு ஐந்நூறு ரூபாய்கூட ஆகாது. இரண்டடிக்கு மூன்றடி ஒட்டுப்பலகையில் முப்பது ஆணி அடியுங்கள். ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு எண், அதே எண் எழுதிய வில்லை ஒன்று. வருகிறவர் பெயரைத் தன் எண்ணுக்கு எதிரே எழுத வேண்டும். தண்ணீரில் இறங்கும்போது வில்லையை எடுத்து லைஃப் ஜாக்கெட்டில் கட்டிக்கொள்வார், கரையேறியதும் ஆணியில் மாட்டுவார். வெற்று ஆணி என்றால் ஆள் கடலில்.

வில்லை ஆளுக்கு, படகுக்கு அல்ல. இந்த நாளின் சுகமே படகு மாறி ஏறுவதுதான். காலையில் லேசரில் போனவர் நடுக்கடலில் ஹோபிக்குத் தாவியிருப்பார். படகை எண்ணினால் எட்டும் சரியாக இருக்கும், ஆள் ஒன்று குறையும். அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, கரையேறியவர் வில்லையோடு சாப்பிடப் போய்விடுவது. அதனால் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் பலகையை நட்டு, அங்கே ஒருவரை உட்கார வையுங்கள். அவர் கடலுக்குப் போகக் கூடாது. மணிக்கொருமுறை ஆளை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அவரும் பாயைப் பார்த்து ஏங்கி எழுந்து போய்விடுவார்.

துணைப்படகுக்கு உள்ளூர் ஃபைபர் படகு ஒன்றை, ஓட்டுகிற அண்ணனோடு சேர்த்து நாள் வாடகைக்குப் பேசுங்கள். டீசலும் அவருடைய ஒருநாள் கூலியும் முன்பணமாகப் போகட்டும். படகில் கூர்மையான கத்தியும் இழுவைக் கயிறும் இருக்க வேண்டும். தண்ணீரில் கிடக்கும் ஆளை நெருங்கும்போது இன்ஜினை அணைக்க வேண்டும் என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலை இழுத்துப் பழகியவர்கள் நியூட்ரலில் விட்டால் போதும் என்று நினைப்பார்கள்.

கவிழ்ந்தால் படகை விடாதே, கரைக்கு நீந்தாதே. இந்த இரண்டையும் காலையில் எல்லாரையும் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். இந்தக் கரைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆழம் இரண்டு மூன்று மீட்டர்தான், படகு முழுதாகப் புரண்டால் மரத்தின் நுனி சேற்றில் குத்தி நிற்கும். அப்போது படகின் மேல் ஏறி நடுப்பலகையை மிதித்தால் மரம் வளையும் அல்லது ஒடியும். ஏறாமல், பாய்க்கயிற்றை அவிழ்த்துவிட்டு, அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றுக்கு எதிராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு துணைப்படகுக்குக் காத்திருங்கள். மரம் எந்த வழியில் சேற்றில் இறங்கியதோ அதே வழியில் அவர்கள் மெதுவாக இழுக்க வேண்டும். படகு முழுதாகப் புரளாமல் தடுப்பது இதைவிட எளிது: மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலிக் கேனை மரத்தின் உச்சியில் கட்டினால் ஐந்து கிலோ மிதப்பு கிடைக்கும், படகு பக்கவாட்டிலேயே கிடக்கும். பார்க்க அசிங்கம்தான்.

ஏழு மணிக்குப் பேச்சு, ஏழரைக்கு முதல் படகு. முதல் ஒரு மணி நேரம் அவரவர் படகில், பிறகு மாற்றம். படகைக் கொடுக்கிறவர் முதல் சுற்றில் கூடவே ஏறி மூன்று விஷயம் காட்ட வேண்டும்: எந்தக் கயிற்றை விட்டால் பாய் காற்றை இழக்கும், நடுப்பலகையை எங்கே தூக்க வேண்டும், திரும்பும்போது பாயின் அடிக்கழி தலையில் அடிக்குமா. ஒற்றை ஆள் படகென்றால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று காட்டலாம். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டு மிதவை போட்டு எல்லை வையுங்கள். கரையில் சிவப்புக் கொடி ஏறினால் எல்லாரும் திரும்ப வேண்டும், ஏன் என்று கரையேறிய பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ஊரில் வத்தை என்னும் பாய்மர நாட்டுப்படகு வைத்திருப்பவர்களை அழையுங்கள், ஆனால் வேடிக்கை காட்ட அல்ல. குறுக்கே நீட்டிய பலகையில் ஆள் ஏறி உட்கார்ந்து படகைச் சமன் செய்யும் அவர்கள் முறையை ஒரு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து பார்த்தாலே நிறையப் புரியும். அவர்களையும் லேசரில் ஏற்றிவிடுங்கள், பத்தாவது நிமிடம் உங்களைவிட நன்றாக ஓட்டுவார்கள்.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு போதும்: புளிச்சோறு, தயிர்ச்சோறு, ஒரு பானை உப்பு போட்ட மோர். கட்டணம் வசூலிக்காமல் துணைப்படகுச் செலவை மட்டும் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கட்டணம் என்று வந்துவிட்டால் கூட்டத்தில் பாதி விருந்தாளி, பாதி வேலையாள் ஆகிவிடும்.

இரண்டு மணிக்குமேல் புதிதாக யாரையும் இறக்காதீர்கள், மூன்றரைக்குள் படகுகள் கரையில் இருக்கட்டும். கடைசி வில்லை ஆணியில் ஏறிய பிறகுதான் துணைப்படகு கரையேற வேண்டும். அதன்பின் நல்ல தண்ணீரில் கப்பிகளையும் சுக்கான் கீல்களையும் கழுவி, பாயை நிழலில் உலர்த்தி மடியுங்கள்.