வாடைக்கு முன் மரத்தடியைப் பாருங்கள்: வளவு மரங்களைச் சோதிக்கும் முறை

திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் எங்கள் வளவில் நின்ற வேம்பு, 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிப் புயலைத் தாங்கியது. திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே புயல் கரையேறிய அந்த இரவு முழுவதும் நாங்கள் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கொப்புக்கூட முறியவில்லை. அதே வேம்பு இரண்டு மாரி கழித்து, புயலென்று எதுவும் இல்லாத ஒரு டிசம்பர் இரவில் வேரோடு சாய்ந்து குசினிக் கூரையை நொறுக்கியது. விழுந்து கிடந்தபோதும் இலையெல்லாம் பச்சைப்பசேலென்று இருந்தது. அம்மா வழக்கமாகக் குசினியை ஒட்டிய அறையில்தான் படுப்பார். அன்று முன்னறையில் படுத்திருந்தார்.

இடையில் நடந்தது ஒன்றுதான். குசினிக்குத் தண்ணீர்க் குழாய் இழுப்பதற்காக, மரத்தின் வடகிழக்குப் பக்கம் அடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஒரு கான் வெட்டினோம். கை மொத்தத்தில் இரண்டு வேர்கள் குறுக்கே வந்தன. கோடரியால் தறிக்கச் சொன்னவன் நான். அந்த இரண்டு வேர்கள்தான் மரத்தைப் பிடித்து வைத்திருந்தன என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்த மரம் வீட்டை எட்டும்?

மாரியில் நமக்குக் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே வீட்டுக்கு வடக்கிலும் கிழக்கிலும் நிற்கும் மரங்களை முதலில் பாருங்கள். சாய்ந்தால் அவைதான் கூரையை நோக்கி வரும்.

அடுத்தது உயரம். ஒரு நேரான தடியை எடுத்துக் கையை முழுதாக நீட்டிச் செங்குத்தாகப் பிடியுங்கள். கண்ணிலிருந்து பிடிக்கும் கை வரை எவ்வளவு தூரமோ, கைக்கு மேலே தடி அதே நீளம் இருக்க வேண்டும். அப்படியே பின்னால் நடந்து போங்கள். தடியின் நுனி மர உச்சியையும், கை மரத்தின் அடியையும் தொடுவதுபோல் தெரிகிற இடத்தில் நின்றுகொள்ளுங்கள். உங்களுக்கும் மரத்துக்கும் உள்ள தூரமே மரத்தின் உயரம். மரத்திலிருந்து வீடு இதைவிடக் கிட்ட இருந்தால், அந்த மரத்தை நீங்கள் ஆண்டுதோறும் சோதித்தாக வேண்டும்.

2. மரத்தடியைச் சோதித்தல்

நான் தவறியது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஆண்டின் நடுவில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றும் பலமாகத்தான் அடிக்கிறது. ஆனால் அந்த மாதங்களில் மண் காய்ந்து இறுகியிருக்கும், வேருக்குப் பிடி கிடைக்கும். நமது ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோர மணலில் நாட்கணக்காக மழை ஊறிய பிறகு அந்தப் பிடி தளர்ந்துவிடும். அப்போது மரத்தை நிறுத்துவது காற்று வரும் பக்கத்து வேர்கள். கொட்டகைக்குக் கட்டிய இழுகயிறு போல அவை மரத்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்கின்றன. நான் அறுத்தது அந்தக் கயிற்றை.

ஒரு கயிற்றை நெஞ்சளவு உயரத்தில் தண்டைச் சுற்றி அளந்து வெட்டுங்கள். சுற்றளவு என்பது விட்டத்தின் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதே கயிற்றைத் தண்டிலிருந்து தரையில் நீட்டி, மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் கீறுங்கள். அந்த வட்டத்துக்குள் ஒரு பக்கத்து வேர்களை வெட்டினால் மரத்தின் நிலை கடுமையாகப் பலவீனப்படும். கான், மதில் அத்திவாரம், மலசலகூடக் குழி, கேபிள் கிடங்கு என்று அதற்குள் யாராவது எப்போதாவது தோண்டினார்களா என்று வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள். வட்டத்துக்கு வெளியே என்றால் தாராளமாகத் தோண்டலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊட்ட வேர்கள் அதைவிட வெகுதூரம், பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணுக்குள்ளேயே பரந்திருக்கும்.

பிறகு குனிந்து அடியைச் சுற்றி வாருங்கள். தண்டின் அடியில் காளான் அல்லது கட்டையான தட்டுப் பூஞ்சணம் முளைத்திருந்தால் உள்ளே உக்கல் இருக்கிறது என்று கொள்ளுங்கள். ஒரு கம்பியால் வேரடியைக் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அதுவும் அதே செய்திதான். மண்ணில் வளைவாக ஒரு வெடிப்புத் தெரிகிறதா, ஒரு பக்கம் மண் மேடாகக் கிளம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நவம்பர் நடுப்பகுதியில், நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் இன்னொரு முறை பாருங்கள். இந்த இரண்டாம் பார்வையைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். மெல்லிய காற்று வீசும் நேரத்தில் காற்று வரும் பக்கமாக, மரத்தின் உயரத்துக்கும் கூடுதலான தூரத்தில் நின்று அடியை மட்டும் கவனியுங்கள். தண்டு ஆடும்போது அடிமண்ணும் சேர்ந்து மூச்சு விடுவதுபோல் எழுந்து தாழ்ந்தால், அன்றைக்கே அந்தப் பக்கத்து அறைகளைக் காலி செய்யுங்கள். பலத்த காற்றில் இதைப் பார்க்கப் போகவே கூடாது.

எனக்குப் பிடித்த கருவி கைத்தொலைபேசி. ஒரே இடத்தில் நின்று, பக்கத்து மின்கம்பமோ மதில் விளிம்போ தெரியும்படி வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறவியிலேயே சாய்ந்து வளர்ந்த மரத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை. புதிதாகச் சாயத் தொடங்கிய மரம்தான் ஆபத்து. இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

3. மேலே பார்த்தல்

பட்ட கொப்பு, சிக்கித் தொங்கும் கொப்பு, இரண்டு தண்டுகள் நெருங்கிப் பிளவுபட்ட கவை ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முருங்கை சொல்லாமல் முறியும், அதை மாரிக்கு முன்பே தாழ வெட்டிவிடுங்கள், திரும்பத் தழைத்துவிடும். தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய குலையையும் இறக்குங்கள். தண்டில் துளையும் கபிலநிறச் சாறும் கண்டால் உள்ளே செவ்வண்டு இருக்கலாம்.

காற்றுக்குப் பயந்து மரத்தின் தலையை மொட்டையடிப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மொட்டையில் துளிர்க்கும் புதுக் கொப்புகளுக்குப் பிடி குறைவு, சில ஆண்டுகளில் அவையே முறிந்து விழும். ஒரு மாரிக்குக் கால்வாசி இலைப்பரப்புக்கு மேல் கழிக்காதீர்கள்.

4. கொப்பை அறுத்தல்

தரையில் நின்றபடி, தோளுயரத்துக்குள், உங்கள் மணிக்கட்டு மொத்தத்துக்குள் உள்ள கொப்பை மட்டும் நீங்கள் அறுக்கலாம். மற்றவை தொழில் தெரிந்தவருக்கு உரியவை. ஏணியை மரத்தில் சாய்த்து அறுக்கவே வேண்டாம். பாரம் இறங்கியதும் மிஞ்சிய கொப்பு மேலெழும், ஏணி வழுக்கும். முதல்முறை செய்பவருக்கு இயந்திர வாளையும் நான் சொல்லமாட்டேன். நல்ல வளைந்த கைவாள் ஒன்று போதும். அது களைப்பைத் தரும், களைப்பு வந்தால் நிறுத்துவீர்கள்.

அறுப்பு மூன்று. தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கீழிருந்து மேலாக மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அதிலிருந்து இரண்டு அங்குலம் வெளியே, மேலிருந்து முழுதாக அறுங்கள், கொப்பு விழுந்துவிடும். மிஞ்சிய முண்டத்தை, தண்டோடு சேருமிடத்தில் தடித்துத் தெரியும் வளையத்துக்குச் சற்று வெளியே அறுத்தெடுங்கள். முதல் அறுப்பை விட்டுவிட்டால், விழும் கொப்பு தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். எங்கள் மாமரத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வெட்டுவாயில் தாரோ பெயின்ற்ரோ பூச வேண்டியதில்லை.

மின்கம்பிக்குக் கிட்ட உள்ள எதையும் தொடாதீர்கள். அலுமினியக் கொக்கத்தடி வைத்திருப்பவர்கள் இதை இன்னொரு முறை படியுங்கள். மின்சார சபைக்கு 1987 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள்.

முழு மரத்தையும் தறிப்பதென்றால் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றுக்கு 1951ஆம் ஆண்டிலிருந்தே மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருக்கிறது, அனுமதி வேண்டும். வேறு மரமானாலும் கேட்டுவிட்டுத் தறிப்பதே நல்லது.

5. காற்று இரவும் மறுநாள் காலையும்

மரம் எட்டும் அறையில் யாரும் படுக்கக்கூடாது. எங்கள் வீட்டில் நவம்பரிலேயே பாய்கள் தென்மேற்கு அறைக்கு மாறிவிடுகின்றன. காலையில் கம்பி அறுந்து கிடந்தால் முப்பது அடிக்குக் கிட்டப் போகாதீர்கள். ஈரமண்ணிலும் மின்சாரம் ஓடும். வளைந்து நெருக்குப்பட்டுக் கிடக்கும் கொப்பை வெட்டினால் அது வில்லைப்போல் தெறிக்கும். அதைத் தொழிலாளியிடம் விடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, காயமென்றால் சுவசெரிய அம்புலன்ஸ் 1990. இரண்டையும் குசினிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

பின்சேர்க்கை

இதை வாசித்த நிலாவெளிச் சகோதரி ஒருவர், ஆபத்தான மரம் பக்கத்து வளவில் நின்றால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். முதலில் வாரப் படங்களைக் காட்டி நேரில் பேசுங்கள். என் அனுபவத்தில் படம் பேசுவதுபோல் நாம் பேச முடியாது. இணங்காவிட்டால் படங்களோடு கிராம உத்தியோகத்தரிடமும் உள்ளூராட்சி மன்றத்திலும் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் நீளும் வேரை நீங்களாக வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் அந்த மரம் உங்கள் மேலேயே விழலாம்.

இன்னொருவர், விழுந்த இடத்திலேயே மறுபடி வேம்பு வைத்தீர்களா என்று கேட்டார். வேம்பு வைத்தோம், ஆனால் வீட்டுக்குத் தென்மேற்கே, முப்பது அடி தள்ளி. இப்போது என் தோளுயரம் நிற்கிறது. அதைச் சுற்றி ஒரு வட்டத்துக்குக் கல் பதித்திருக்கிறேன், அந்தக் கல்லுக்குள் மண்வெட்டி போவதில்லை.