காலுக்கு இறங்கும் ஜவ்வு விலகல் வலி: சிறுதுளைச் சிகிச்சைக்கு முன் செய்ய வேண்டியவை

விடியும் முன்பே குனிந்து ரப்பர் பால் வெட்டுபவர்களுக்கும், குமரி மாவட்டத்தின் குளச்சல், முட்டம் கரைகளில் வள்ளத்தைத் தள்ளி ஏற்றுபவர்களுக்கும் இடுப்பிலிருந்து பாதம் வரை சுண்டி இறங்கும் வலி புதிதன்று. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதோடு, அதைப் புண்போல் கனலவும் செய்வதால்தான் இந்த வலி வருகிறது. ஊசி வழியாகவும், எண்டோஸ்கோப் என்னும் கேமரா பொருத்திய மெல்லிய குழாய் வழியாகவும் சிறு துளையிட்டே இதற்குச் சிகிச்சை செய்ய முடிகிறது. ஆனால் துளை சிறியது என்பதற்காக முடிவையும் அவசரமாக எடுத்துவிடக் கூடாது.

முதலில் ஆபத்துக் குறிகளைப் பாருங்கள். சிறுநீர் கழிக்க முடியாமலோ அறியாமல் கசிந்தோ போனாலும், பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போனாலும், இரண்டு கால்களும் வலுவிழந்தாலும் அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அவசரப் பிரிவுள்ள இடத்துக்குச் செல்ல வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலும் தாமதிக்கக் கூடாது. நம் ஊரில் வர்ம ஆசான்மார் மீது மக்களுக்கு உள்ள மதிப்பை நான் அறிவேன். எனினும் இந்தக் குறிகள் தென்பட்ட பிறகு தடவலுக்கும் பிடித்துவிடுதலுக்கும் நேரம் செலவிடுவது, மீட்க முடியாத இழப்பில் கொண்டுவிடக்கூடும்.

இக்குறிகள் இல்லையென்றால், வலிமருந்தோடும் இயன்ற அளவு நடமாட்டத்தோடும் ஆறு வாரம் பொறுத்துப் பார்ப்பதே பெரும்பாலோருக்கு உகந்தது. பிதுங்கிய ஜவ்வை உடலே சில மாதங்களில் கரைத்துக்கொள்வதும் உண்டு. 283 நோயாளிகளைக் கொண்டு நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில், சீக்கிரமே அறுவைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி விரைவாகத் தணிந்தது; ஆனால் ஓராண்டு முடிவில் காத்திருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்திருந்தனர். காத்திருந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது என்பதையும் மறைக்கலாகாது.

ஆறு வாரத்துக்குப் பிறகும் கால்வலி தாங்க முடியாததாக இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாம். இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. வலியே இல்லாத பலருடைய ஸ்கேனிலும் ஜவ்வுப் பிதுக்கம் தெரியும். ஆகவே படத்தில் காணும் இடமும் காலில் வலிக்கும் இடமும் பொருந்துகின்றனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஐந்தாம் இடுப்பு நரம்பு அழுந்தினால் வலி கெண்டைக்காலின் வெளிப்புறமாக இறங்கிப் பெருவிரல் பக்கம் செல்லும், குதிகாலில் நடப்பது கடினமாகும். அதற்குக் கீழே, முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்புப் பகுதியின் முதல் நரம்பு அழுந்தினால் வலி காலின் பின்புறமாகச் சுண்டுவிரல் பக்கம் செல்லும், நுனிக்காலில் நிற்க முடியாது. இந்தப் பொருத்தம் இல்லாத இடத்தில் எந்தச் சிகிச்சையும் பயன் தருவது அரிது.

பொருத்தம் உறுதியானால், நரம்பு வேர் வெளிவரும் துளையருகே ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும் செலுத்தும் ஊசியைப் பற்றிப் பேசலாம். எக்ஸ்ரே திரையைப் பார்த்து, சாயம் செலுத்தி இடத்தை உறுதிசெய்த பின்னரே மருந்தைச் செலுத்துவது முறை. இது ஜவ்வை அகற்றுவதில்லை. நரம்பின் அழற்சியைத் தணித்து, சில வாரங்களோ மாதங்களோ நடமாட அவகாசம் தருகிறது, அவ்வளவே. சர்க்கரை நோயாளிகளுக்கு அடுத்த சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதால் அளவைத் தவறாமல் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்பவர்கள் முன்கூட்டியே அதைத் தெரிவிக்க வேண்டும். அதை எழுதித் தந்த மருத்துவரைக் கேளாமல் தாமாக நிறுத்தக் கூடாது. ஊசி போட்ட அன்று வண்டி ஓட்ட வேண்டாம்.

ஊசிக்கும் அடங்காவிட்டால் எண்டோஸ்கோப் மூலமாகவோ நுண்ணோக்கி மூலமாகவோ பிதுங்கிய துண்டை மட்டும் அகற்றுவார்கள். முன்னதற்கு ஒரு சென்டிமீட்டர் அளவிலான கீறல் போதும், சில முறைகளில் முழு மயக்கமும் தேவையில்லை. பின்னதற்குக் கீறல் சற்றுப் பெரிது. கால்வலியைக் குறைப்பதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லாததால், கருவியைவிட அந்த முறையில் மருத்துவருக்குள்ள பழக்கத்தையே நான் முதன்மையாகக் கேட்பேன். அதே இடத்தில் மீண்டும் பிதுங்கும் வாய்ப்பையும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செலவு அடங்குமா என்பதையும் சேர்க்கைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ நடக்கச் சொல்வார்கள். திருவனந்தபுரத்தில் செய்துகொண்டு காரில் திரும்புபவர்கள் வழியில் இறங்கிச் சற்று நடப்பது நல்லது. சில வாரங்களுக்குப் பாரம் தூக்குவதையும் குனிந்து பால் வெட்டுவதையும் தவிர்த்து, மருத்துவர் இசைந்த பின்னரே தொழிலுக்குத் திரும்ப வேண்டும். இடையில் காய்ச்சல், கீறலில் நீர்க்கசிவு, புதிதாகக் காலில் மரப்பு ஆகியவை தோன்றினால், குறித்த நாள் வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனையை அழையுங்கள்.