பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து என்ன கேட்பது?

சிறு வியாபாரிகளுக்குக் கணக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு மாதம் கழித்து "வியாபாரம் எப்படிப் போகுது?" என்று கேட்டால், நெல்லைப் பக்கம் ஒரே பதில்தான்: "உங்க புண்ணியத்துல நல்லா ஓடுது அண்ணாச்சி." மரியாதைக்குச் சொன்னது. அதைப் பலன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

பயிற்சியின் முதல் நாளே மூன்று எண்களை வாங்கி வையுங்கள்: ஒரு நாள் விற்பனை, வரவேண்டிய கடன் பாக்கி, வாரத்தில் எத்தனை நாள் கணக்கு எழுதுகிறார். இவை இல்லாவிட்டால் பின்னால் எதை எதோடு ஒப்பிடுவது?

பயிற்சி முடிந்தபின் 30ஆம் நாள், 90ஆம் நாள், ஆறாம் மாதம், ஒரு வருடம் என்று நான்கு முறை பேசினால் போதும். மதியம் 2.30க்கு மேல், 4 மணிக்குள் கூப்பிடுங்கள். அந்தி யாவார நேரத்தில் "சரி சரி" மட்டும்தான் கிடைக்கும்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுபவர் என்றால், "அக்கா, கடன் நோட்டுல கடைசியா எழுதின பக்கத்த போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்று கேளுங்கள். தேதி மூன்று வாரம் முன்பே நின்றிருக்கலாம். எல்லா வரியும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால், அநேகமாக உங்களுக்காக நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதியது. அதைக் குத்திக்காட்ட வேண்டாம். எந்த வாரம் விட்டுப்போச்சு என்று மட்டும் கேளுங்கள். கோயில் கொடை, கல்யாணம், ஆஸ்பத்திரி என்று ஒரு வாரம் அறுந்த பழக்கம் திரும்ப ஒட்டாமல் போயிருக்கும். சரிசெய்ய வேண்டியது அந்த இடத்தைத்தான்.

பருவமும் ஏமாற்றும். குற்றாலத்துக் கடையின் ஆடி விற்பனையை மாசியோடு வைத்துப் பார்த்தால் கூடித்தான் இருக்கும். அது சாரல் கொடுத்தது. போன ஆடியோடு ஒப்பிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்பளம் காயாமல் வரும் சரிவும் அப்படித்தான். "வேற என்ன மாறுச்சு?" என்ற கேள்வியை விடாதீர்கள்; பக்கத்துக் கடை மூடியிருக்கலாம்.

20 பேரில் 12 பேர் பதில் சொல்லி, அதில் 7 பேர் இன்னும் எழுதுகிறார்கள் என்றால், உங்கள் கணக்கு 20க்கு 7. பேசாதவர்களுக்கு "எழுதலன்னாலும் பரவால்ல, சொல்லுங்க" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். கூச்சத்தில் ஒதுங்கியவர் சிலர் வாய் திறப்பார்கள்.

அந்தப் போனிலேயே அடுத்த பயிற்சியை விற்காதீர்கள். அவர் சொன்னதை விளம்பரத்தில் போட வேண்டுமானால் இன்னொரு நாள் கேளுங்கள்: பெயருக்குத் தனியாக, தொகைக்குத் தனியாக. பெயருக்குச் சரி என்பவரும், கடன் கொடுத்தவர் கண்ணில் படும் என்று தொகைக்கு மாட்டேன் என்பார்.