கலப்புப் பவளத்தில் தாய் யார் என்று குறிக்காமல் ஆய்வைத் தொடங்காதீர்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் இரண்டு இனங்கள் சேர்ந்து பிறந்த கலப்பினப் பவளத்தில் மரபணு வெளிப்பாட்டை, அதாவது எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பார்க்க நினைக்கிற மாணவர்களுக்கு இது. முதலில் அனுமதி வாங்குங்கள். கல்பவளங்கள் எல்லாமே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, வனத்துறையின் எழுத்து இல்லாமல் விரல் நீளத் துண்டைக்கூட பாரிலிருந்து, அதாவது பவளத் திட்டிலிருந்து, எடுக்கக் கூடாது.

இங்கே அக்ரோபோரா என்கிற கல்பவள வகை முட்டை விடுவது மார்ச் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில். விடுவதற்குக் கொஞ்சம் முன்பு டார்ச் அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு பாலிப்பின் (பவளத்தில் இருக்கும் குட்டி உயிர்) வாயிலும் கடுகு மாதிரி இளஞ்சிவப்பு உருண்டை ஒன்று வந்து நிற்கும். அதற்குள் முட்டையும் இருக்கும், விந்தும் இருக்கும். அதாவது ஒரே பவளம் தாயாகவும் ஆகலாம், தந்தையாகவும் ஆகலாம். உருண்டை உடைந்ததும் 100 மைக்ரான் சல்லடையில் ஊற்றினால் முட்டை மேலே தங்கும், விந்து கீழே போய்விடும். முட்டைகளை விந்து கலக்காத, வடிகட்டிய கடல்நீரில் நாலைந்து முறை அலசுங்கள். கொஞ்சம் முட்டையை விந்து சேர்க்காமல் தனியாக வையுங்கள். அது பிளக்க ஆரம்பித்தால் அன்றைய அலசல் சரியில்லை.

அப்புறம் கலப்பை இரண்டு திசையிலும் செய்யுங்கள்: அ இன முட்டையில் ஆ இன விந்து, ஆ இன முட்டையில் அ இன விந்து, கூடவே இரண்டு தூய இனங்களும். நான் ஒருமுறை டப்பாவில் "கலப்பு" என்று மட்டும் எழுதிவிட்டு, எது தாய் என்று தெரியாமல் அந்த வருடக் குஞ்சுகள் அத்தனையையும் இழந்தேன். தாய் பெயரை முதலில் எழுதுங்கள், அழியாத பேனாவில். கரீபியன் கடலில் இரண்டு அக்ரோபோரா இனங்களின் கலப்புக்கு, முட்டை எந்த இனத்துடையது என்பதைப் பொறுத்து உருவமே மாறுகிறது என்று 2002-இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் டெனுயிஸ், லோரிபெஸ் என்ற இரண்டு அக்ரோபோரா இனங்களைக் கலந்தபோது குஞ்சுகளின் மரபணு வெளிப்பாடு பெரும்பாலும் தாய் இனத்தையே ஒத்திருந்தது.

எப்போது மாதிரி எடுக்கிறீர்கள் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முட்டைக்குள் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு மாதிரி அவளுடைய ஆர்.என்.ஏ. (மரபணுவிலிருந்து எடுத்த நகல்) இருக்கிறது, கரு முதல் சில மணி நேரம் அதை வைத்தே ஓட்டும், அப்போது எடுத்தால் தாய்தான் தெரிவாள், அதில் புதிது ஒன்றுமில்லை. ஒட்டி வளர்ந்த குஞ்சுகளிலும் சில மாதம் கழித்து எடுங்கள். அப்போதும் தாய்ச் சாயல் நீடித்தால், தாயிடமிருந்து வரும் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குச் சக்தி தரும் உறுப்பு), முட்டை வழி வந்த நுண்ணுயிர் என்று காரணம் தேடலாம். பவளத்துக்குள் வாழ்ந்து அதற்குச் சோறு போடும் பாசியும் ஒரு காரணமாகலாம்: மோண்டிபோரா என்ற இன்னொரு பவளம் தன் பாசியையே முட்டையில் வைத்து அனுப்பும், அக்ரோபோரா குஞ்சு கடலில் இருந்து பிடித்துக்கொள்ளும். எனவே அக்ரோபோராவில் தொடங்கி, எல்லாத் தொட்டிக்கும் ஒரே பாசியைக் கொடுங்கள்.

கணினியில் ஒப்பிடும்போது இரண்டு பெற்றோரின் மரபணுத் தொகுதியையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். தாயுடையதை மட்டும் வைத்தால் தந்தையின் ஆர்.என்.ஏ. துண்டுகள் பொருந்தாமல் உதிர்ந்து, தாய் இல்லாத இடத்திலும் தாய் தெரிவாள்.

2016-இல் சூட்டில் நம் பார்கள் வெளுத்ததைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் ஆராய்ச்சி இல்லை. சூட்டைத் தாங்கும் குணம் முட்டை வழியாக வருகிறதென்றால், அப்போது தப்பிய பவளங்களைத்தான் தாயாக எடுக்க வேண்டும். அவை எங்கே நிற்கின்றன என்று உங்கள் ஊர் மீனவ அண்ணன்களைக் கேட்டு, பங்குனிக்கு முன்பே குறித்து வையுங்கள்.