பிறந்த குழந்தைக்கு ஒரு பனிமனிதன் தொப்பி: இரண்டு ஊசியும் 41 வரிசையும்

பின்னல் புதிதாகப் பழகுகிறவர்களிடம் எல்லோரும் முதலில் மஃப்ளர் போடத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மஃப்ளர் போட்டுக்கொண்டே இருக்கலாம், முடியவே முடியாது, பாதியில் அலுத்துப்போய் ஊசியோடு அலமாரிக்குள் போய்விடும். பிறந்த குழந்தையின் தொப்பி அப்படி இல்லை. மொத்தமே 41 வரிசை, அதற்குள் நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல், அவற்றை மாறி மாறிப் போடும் ரிப், நிறம் மாற்றுவது, கண்ணி (ஊசியில் நிற்கும் வளையம்) குறைப்பது, தைத்து மூட்டுவது என்று அடிப்படை எல்லாம் வந்துவிடும்.

இங்கே நாம் போடப்போவது பனிமனிதன் முகம் வைத்த தொப்பி. கீழே சிவப்பு ரிப், அதுதான் அவனுடைய மஃப்ளர். அதற்கு மேல் வெள்ளை முகம், முகத்துக்கு மேல் கறுப்புத் தொப்பி, தொப்பியைச் சுற்றி ஒரு சிவப்புப் பட்டை. எல்லாமே பட்டை பட்டையாக வரும் நிறங்கள் என்பதால் ஒரே வரிசையில் இரண்டு நிறம் பின்னும் தலைவலி கிடையாது. கண், மூக்கு, வாய் மூன்றும் நூலால் போடும் எம்ப்ராய்டரி.

பட்டன் கண், துருத்திக்கொண்டிருக்கும் கேரட் மூக்கு, உச்சியில் குஞ்சம் எல்லாம் வைத்த தொப்பிகளை நிறையப் பார்த்திருப்பீர்கள். படத்துக்கு அழகுதான். ஆனால் கையில் கிடைப்பதையெல்லாம் வாய்க்குக் கொண்டுபோகும் வயது சீக்கிரமே வந்துவிடும், எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் பட்டன் ஒருநாள் கழன்று வரும், குஞ்சத்திலிருந்து இழை உதிரும். தாடைக்குக் கீழே கட்டும் கயிறும் வேண்டாம், கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். பிய்த்து எடுக்க எதுவுமே இல்லாத தொப்பியாக இருக்கட்டும், வேடிக்கையை நிறம் பார்த்துக்கொள்ளும்.

என்னென்ன வேண்டும்

8 பிளை அல்லது டிகே என்று லேபிளில் போட்டிருக்கும் நூலில் சிவப்பு, வெள்ளை, கறுப்பு. மூன்றும் சேர்ந்தே ஏறக்குறைய 30 கிராம்தான் ஆகும், ஆகவே வேறு வேலையில் மிஞ்சிய நூல் இருந்தால் அதுவே போதும். மூக்குக்கு ஆரஞ்சு நூல் ஒரு மீட்டர். 4 மி.மீ. நேர் ஊசி ஒரு ஜோடி (மூங்கில் ஊசி என்றால் கண்ணி வழுக்கி விழாது, புதியவர்களுக்கு அதுதான் நல்லது), முனை மழுங்கிய பெரிய தையல் ஊசி ஒன்று, கத்தரிக்கோல், அளவு டேப்.

நூல் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். மெஷினில் துவைக்கக்கூடிய மெரினோ கம்பளிதான் என் முதல் தேர்வு. மென்மையாக இருக்கும், காற்றோட்டம் உண்டு, நன்றாக இழுபடும். அக்ரிலிக் விலை குறைவு, துவைப்பதும் சுலபம், ஆனால் உள்ளே வியர்க்கும். பருத்தி நூல் இழுபடாது என்பதால் தொப்பி சீக்கிரம் தொளதொளவென்று ஆகிவிடும். மொஹேர், அங்கோரா போன்ற ரோமம் பறக்கும் நூல்கள் பக்கமே போக வேண்டாம், அந்த ரோமம் நேரே குழந்தையின் மூக்குக்குள்தான் போகும். எந்த நூலாக இருந்தாலும் கழுத்தோரம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நமக்கே உறுத்தினால் அது குழந்தைக்கு ஆகாது.

சிவப்பையும் கறுப்பையும் வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்கிறோம், அதனால் சாயம் போகுமா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். துணியில் நிறம் இறங்கினால் வேறு நூல். அப்புறம், கறுப்பு நூலில் கண்ணி சரியாகத் தெரியாது. மடியில் வெளிர் நிறத் துணி ஒன்றை விரித்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் போடுங்கள், அல்லது கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு

நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 34 முதல் 36 செ.மீ. இருக்கும். பின்னல் இழுபடும் என்பதால் தொப்பியை அதைவிடச் சற்றுச் சிறிதாக, 33 செ.மீ. சுற்றளவில் போடுகிறோம். அப்போதுதான் தலையில் நிற்கும், கண்ணை மறைத்துக்கொண்டு இறங்காது.

இந்தக் கணக்கு சரியாக வர 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி இருக்க வேண்டும். 30 கண்ணி ஏற்றி, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று ஒரு சதுரம் போட்டு, நடுவில் டேப் வைத்து எண்ணுங்கள். 24 வந்தால் உங்கள் கை இறுக்கம், தொப்பி 30 செ.மீ.க்குச் சுருங்கிவிடும், ஆகவே 4.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். 20 வந்தால் 36 செ.மீ. ஆகிவிடும், 3.5 மி.மீ. ஊசி எடுங்கள். இந்தச் சதுரத்தைப் போடச் சோம்பேறித்தனமாகத்தான் இருக்கும், ஆனால் நிட், பர்ல் இரண்டும் கைக்குப் பழகுவதும் இதில்தான்.

நிட், பர்ல்

நிட் போடும்போது நூல் பின்னால் இருக்கும். வலது ஊசியின் முனையை இடது ஊசியிலுள்ள முதல் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் விடுங்கள். வலது ஊசியின் மேல் நூலைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரு சுற்று சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியாக முன்னால் இழுத்து எடுத்துவிட்டு, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள்.

பர்ல் அதன் தலைகீழ். நூல் முன்னால் இருக்கும், ஊசி வலமிருந்து இடமாகக் கண்ணிக்குள் போகும், அதே திசையில்தான் நூலைச் சுற்ற வேண்டும், சுற்றைப் பின்பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

கண்ணி ஏற்றுதல்

சிவப்பு நூலில் சுமார் ஒன்றரை மீட்டர் வாலாக விட்டு, அந்த இடத்தில் ஒரு சுருக்கு முடிச்சு போட்டு ஊசியில் மாட்டுங்கள். அதுவே முதல் கண்ணி. ஊசி வலது கையில் இருக்கட்டும். வால் நூல் இடது கட்டைவிரல் மேல், கண்டிலிருந்து வரும் நூல் ஆள்காட்டி விரல் மேல், இரண்டின் மிச்சமும் உள்ளங்கைக்குள். ஊசியைக் கட்டைவிரலின் முன்பக்க நூலுக்குக் கீழிருந்து மேலே கொண்டுவந்து, ஆள்காட்டி விரல் நூலைக் கொக்கிபோல் பிடித்து, கட்டைவிரல் வளையத்துக்குள்ளேயே கீழே இறக்குங்கள். கட்டைவிரலை விடுவித்து லேசாக இழுத்தால் ஒரு கண்ணி. இப்படி மொத்தம் 74.

தொப்பியின் விளிம்பு நெற்றியில் படும் இடம், இறுகியிருந்தால் தழும்பு விழும். அதனால் இரண்டு ஊசியையும் சேர்த்துப் பிடித்து அவற்றின் மேல் கண்ணி ஏற்றுங்கள், முடிந்ததும் ஒன்றை உருவிவிடுங்கள். விளிம்பு தளர்வாக வரும்.

பின்ன ஆரம்பிக்கலாம்

1 முதல் 6 வரை, சிவப்பு ரிப். ஒற்றைப்படை வரிசைகளில் 2 நிட், 2 பர்ல் என்று மாறி மாறிப் போட்டுக் கடைசி இரண்டை நிட்டில் முடியுங்கள். இரட்டைப்படை வரிசைகளில் 2 பர்ல், 2 நிட் என்று போட்டுக் கடைசி இரண்டு பர்ல். நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை இரண்டு ஊசிகளுக்கும் நடுவே முன்னால் கொண்டுவர வேண்டும், திரும்ப நிட்டுக்குப் போகும்போது அதே வழியில் பின்னால். ஊசிக்கு மேலாகக் கொண்டுவந்தால் அதுவே ஒரு புதுக் கண்ணியாகி, கீழே ஓட்டையும் விழும். எங்கிருந்தோ 75, 76 என்று கண்ணி கூடினால் காரணம் அநேகமாக இதுதான், ஆகவே இரண்டு வரிசைக்கு ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள்.

7 முதல் 18 வரை, வெள்ளை. சிவப்பை 20 செ.மீ. வால் விட்டு வெட்டிவிட்டு, வெள்ளையிலும் அதே அளவு வால் விட்டு அப்படியே பின்ன ஆரம்பியுங்கள். முடிச்சு வேண்டாம், அது தலையில் உறுத்தும். முதல் இரண்டு கண்ணி ஆடிக்கொண்டிருக்கும், பிறகு இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம். ஒற்றைப்படை வரிசை முழுக்க நிட், இரட்டைப்படை முழுக்க பர்ல். நிட் தெரியும் பக்கம்தான் தொப்பியின் வெளிப்பக்கம்.

19 முதல் 22 வரை, கறுப்பு. இந்த நான்கு வரிசையும் நிட் மட்டுமே, இரட்டைப்படை வரிசையிலும் நிட். வெளிப்பக்கத்தில் இரண்டு மேடு எழும்பி நிற்கும். பனிமனிதனுடைய தொப்பியின் விளிம்பு அதுதான். இந்த டிசைனில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான், எதையும் ஒட்டாமல் தைக்காமல் ஒரு விளிம்பு வந்துவிடுகிறது.

23 முதல் 26 வரை, சிவப்பு. பழையபடி ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல்.

உச்சி

இனி கடைசி வரை கறுப்பு. 27-ஆவது வரிசையில் முதல் கண்ணி நிட், பிறகு 7 நிட் போட்டு அடுத்த இரண்டு கண்ணிக்குள்ளும் ஊசியை ஒன்றாக விட்டு ஒரே நிட். இந்த ஒன்பது கண்ணிக் கூட்டத்தை எட்டு தடவை செய்து, கடைசிக் கண்ணியை நிட் போடுங்கள். ஊசியில் 66 இருக்கும். 28 முழுக்க பர்ல்.

29-இல் அதே முறைதான், 7 நிட்டுக்குப் பதில் 6. மிச்சம் 58. இப்படி ஒவ்வொரு ஒற்றைப்படை வரிசையிலும் நடுவில் உள்ள நிட் ஒன்று குறைந்துகொண்டே போகும், இடையில் வரும் வரிசை எப்போதும் பர்ல். 31-இல் 50, 33-இல் 42, 35-இல் 34, 37-இல் 26, 39-இல் 18, 41-இல் முதல் கண்ணியும் கடைசிக் கண்ணியும் தவிர மற்றதையெல்லாம் இரண்டிரண்டாகச் சேர்த்து 10. ஒவ்வொரு முறையும் இந்த எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்த ஒரு வரிசையை மட்டும் பிரித்துப் போட்டால் போதும், விட்டுவிட்டு மேலே போனால் உச்சி கோணிக்கொள்ளும்.

நூலை 40 செ.மீ. விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, பத்துக் கண்ணிக்குள்ளும் ஓட்டிவிட்டுப் பின்னல் ஊசியை உருவுங்கள். சுருக்க வேண்டாம், முகம் பாக்கி இருக்கிறது.

முகம்

மூட்டுவதற்கு முன், துணி தட்டையாக இருக்கும்போதே முகத்தைப் போடுவதுதான் வசதி. மூட்டு பின்தலைக்குப் போகும், எனவே 37, 38-ஆவது கண்ணிகளுக்கு இடையில்தான் முகத்தின் நடு. ஒரு நிற நூலை அங்கே அடையாளத்துக்கு ஓட்டிக்கொள்ளுங்கள்.

வெள்ளையின் எட்டாவது வரிசையில், நடுவிலிருந்து இருபுறமும் நான்கு கண்ணி தள்ளிக் கண்கள். ஒரே இடத்தின் மேல் ஐந்தாறு குறுக்குத் தையல் போட்டால் கறுப்புப் பொட்டு வந்துவிடும். மூக்கு ஐந்தாம் ஆறாம் வரிசையில், நடுவில் தடிப்பாகத் தொடங்கி ஒரு பக்கமாகக் கூராகும்படி ஐந்து கண்ணி நீளத்துக்கு ஆரஞ்சில் நெருக்கமாகத் தையல். வாய்க்கு இரண்டாம், மூன்றாம் வரிசைகளில் சிறு கறுப்புப் புள்ளிகள் ஐந்து, ஓரத்தில் உள்ளவை மட்டும் சற்று மேலே. கண்ணிலிருந்து கண்ணுக்கு நூலை உள்பக்கமாகத் தொங்க விட்டுத் தாண்டாதீர்கள். ஒவ்வொரு கண்ணையும் தனியாக முடித்து நூலை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே தொங்கும் நூலில் குட்டி விரல் மாட்டிக்கொள்ளும்.

மூட்டுதல்

இப்போது உச்சி நூலை இழுத்துச் சுருக்குங்கள், ஓட்டை மூடிக்கொள்ளும். வெளிப்பக்கம் உங்களைப் பார்க்க, இரண்டு ஓரங்களையும் பக்கம் பக்கமாக வைத்து, மேலிருந்து கீழே தையுங்கள். ஓரத்திலிருந்து முதல் கண்ணிக்கும் இரண்டாம் கண்ணிக்கும் நடுவே ஏணிப்படிபோல் குறுக்கு நூல்கள் தெரியும், வலப்பக்கம் ஒரு படி, இடப்பக்கம் ஒரு படி என்று ஊசியை நுழைத்துக்கொண்டே வந்து நான்கைந்துக்கு ஒருமுறை இழுத்தால் தையல் உள்ளே மறைந்துவிடும். அந்தந்த நிறப் பகுதியை அந்தந்த வால் நூலாலேயே தையுங்கள். மிச்சமுள்ள வால்களை மூட்டின் உள்ளோரத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டி வெட்டுங்கள்.

வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புப் போட்டு அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாக வைத்து உலர்த்துங்கள். தொங்கவிட்டால் நீளும். அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லியும் கொடுங்கள்: வெளியே குளிரில் போகும்போது மட்டும் போடட்டும், தூங்கவைக்கும்போது கழற்றிவிடட்டும். குழந்தை அதிகச் சூட்டைத் தலை வழியாகத்தான் வெளியேற்றுகிறது, தொப்பி முகத்தின் மேல் நழுவி மூச்சை அடைக்கவும் கூடும்.

முதல் மூன்று மாதத்தில் தலை மாதத்துக்கு ஏறக்குறைய 2 செ.மீ. வளரும், ஆகவே இந்தத் தொப்பி சில வாரங்களுக்குத்தான். மூன்று மாதக் குழந்தைக்கு என்றால் 82 கண்ணி ஏற்றுங்கள், வெள்ளையில் நான்கு வரிசை கூட்டுங்கள், உச்சியில் குறைக்கும்போது 7 நிட்டுக்குப் பதில் 8-இல் தொடங்குங்கள். முகத்தின் நடு 41, 42-ஆவது கண்ணிகளுக்கு இடையில் வரும், மற்றதெல்லாம் அப்படியே.