வடிகால் கானில் ஓடும் தே ஓ (பால் ஊற்றாத தேநீர்) நிறத் தண்ணீரை ஆராய்வது எப்படி

என் மாமா வீட்டு வாசலில் இப்போது நான்கு படிகள் இருக்கின்றன. வீடு கட்டியபோது இரண்டுதான். அடியிலுள்ள களிமண்வரை இறக்கிய சிமெண்டுத் தூண்களின் மேல் வீடு நிற்கிறது, அது அசையவில்லை. நிலம்தான் இறங்கிக்கொண்டே போகிறது. மூன்றாவது படியை மாமா ஒரு தீபாவளிக்கு முன் கட்டினார். நான்காவது, மாமிக்கு முழங்கால் வலி வந்த பிறகு கட்டியது.

ஊர் மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய். பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறி ஆண்டுகள் பல ஆனாலும் தோட்டத்தில் பிறந்த எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. ஒரு பக்கம் சிலாங்கூர் ஆறு, மறுபக்கம் ராஜா மூசா வனக்காப்பகம் இருக்கும் சதுப்புக் காடு. காட்டை ஒட்டிய நிலத்தை மலாயில் தானா காம்புட் என்பார்கள். முழுதாக மட்காத மரமும் இலையும் வேரும் பல ஆயிரம் ஆண்டுகள் தண்ணீரில் ஊறிக் கிடந்து உண்டான மண் அது. செம்பனை (எண்ணெய்ப் பனை) நடுவதற்காகக் கான் வெட்டித் தண்ணீரை வடித்ததும் மண்ணுக்குள் காற்று புகுகிறது. அதுவரை மூச்சில்லாமல் கிடந்த கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்குகின்றன. ஒரு பங்கு கரியமில வாயுவாக மேலே போகிறது, ஒரு பங்கு தண்ணீரில் கரைந்து கானோடு போகிறது. மாமா வீட்டுப் படிகள் அப்படித்தான் கூடின.

இடைநிலைப்பள்ளி அறிவியல் கூடத்தில் 31 ஆண்டுகள் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தேன். அண்ணன் மகள் படிவம் நான்கில் படிக்கிறாள். சென்ற ஆண்டு பள்ளித் திட்டப்பணிக்காக என்னிடம் வந்தவள் கானைக் காட்டி, “அத்தை, இந்தத் தண்ணீர் அழுக்கா?” என்று கேட்டாள். அழுக்கு இல்லை, அது கரைந்த மண் என்றேன். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு கிராம்வரை சரியாகக் காட்டும் சமையல் தராசு, கண்ணாடிப் புட்டிகள், காலி பால் டின், ஒரு நோட்டுப்புத்தகம் போதும்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். கண்ணாடிப் புட்டியை அதே கான் தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு, ஓட்டமுள்ள இடத்தில் கழுத்துவரை அமிழ்த்தி, காற்று இல்லாமல் வழிய வழிய நிரப்பி மூடுங்கள். இடம், நாள், நேரம், கடைசியாக மழை பெய்த நாள் நான்கையும் புட்டியின் மேலேயே எழுதிவிடுங்கள். மழை கழிந்த மறுநாள் தண்ணீரும் பத்து நாள் வெயிலுக்குப் பிந்தைய தண்ணீரும் ஒன்றல்ல. பனிக்கட்டிப் பெட்டியில் இருட்டில் வைத்து எடுத்து வாருங்கள். வெயில் பட்டால் இந்த நிறம் மெல்ல வெளுக்கும், சூட்டில் கிருமி பெருகும். முதல் முறை எடுத்த ஆறு புட்டிகளை மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்து மதியம் முழுவதும் நிறுத்திவிட்டேன். இரண்டு நாளில் பாசி படிந்து ஆறும் வீணாயின. அந்த வாரத்து அளவு என் நோட்டில் இன்றும் வெற்றிடம்தான்.

வீட்டுக்கு வந்ததும் காப்பி வடிதாளில் வடிகட்டுங்கள். ஆய்வுக்கூடங்களில் 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிப்பானைத் தாண்டி வருவதைத்தான் ‘கரைந்த கரிமப் பொருள்’ என்று கணக்கில் எடுப்பார்கள். காப்பித்தாள் அவ்வளவு நுண்மையானது அல்ல, ஆனாலும் சேறும் தூசியும் நின்றுவிடும். வடித்த தண்ணீரில் பாதியை ஒரு நாள் திறந்து வையுங்கள். அடியில் துருநிற வண்டல் படிந்தால் இரும்பும் கலந்திருக்கிறது என்று பொருள். கரிமப் பொருளின் பழுப்பு அப்படித் தானாகப் படியாது. எத்தனை நாள் வைத்தாலும் ஒட்டுக்கடையில் பால் ஊற்றாமல் தரும் தே ஓ போலத் தெளிவாகவும் பழுப்பாகவும் நிற்கும்.

நிறத்தை அளக்க ஒரு எளிய வழி உண்டு. கிடைத்ததிலேயே கருமையான தண்ணீரை ஒரு குவளையில் அப்படியே வையுங்கள். அடுத்ததில் அதே தண்ணீரும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி. அதற்கடுத்ததில் கால் பங்கு, பிறகு அரைக்கால், பிறகு வீசம். ஒரே மாதிரியான கண்ணாடிக் குவளைகளில், வெள்ளைத் தாளின் மேல், ஒரே உயரத்துக்கு ஊற்றி மேலிருந்து பாருங்கள். மற்ற இடங்களின் தண்ணீர் எந்தக் குவளையோடு ஒத்துப்போகிறது என்று குறியுங்கள். 1892-இல் ஆலன் ஹேசன் என்பவர் பிளாட்டினம், கோபால்ட் உப்புகளால் செய்த நிற அளவுகோலும் இப்படிக் கண்ணால் ஒப்பிடும் முறைதான். தண்ணீர் ஆய்வில் அது இன்றும் புழங்குகிறது. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டாலே இந்தத் தண்ணீர் இன்னும் கறுக்கும். அமிலத்தன்மை குறையக் குறைய நிறம் கூடும். ஆகவே சுண்ணாம்பு போட்ட வயலின் தண்ணீரையும் போடாத வயலின் தண்ணீரையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு முடிவு கட்டாதீர்கள்.

படிகாரச் சோதனையையும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். ஒரு லிட்டர் கான் தண்ணீரில் சிறு துண்டுப் படிகாரத்தைக் கரைத்து, கொஞ்சம் வெற்றிலைச் சுண்ணாம்பைச் சேர்த்து ஐந்து நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள். பழுப்பு நிறம் சிறு சிறு பஞ்சாகத் திரண்டு கீழே இறங்கும், மேலே தெளிவான நீர் நிற்கும். கரிமப் பொருளின் எதிர்மின்னூட்டத்தை அலுமினியம் தணிப்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. குடிநீர் நிலையங்களில் முதலில் நடப்பதும் இதுவே. அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பழுப்பாக இருக்கும் தண்ணீரில் குளோரினைக் கொட்டிவிட்டால் சுத்தமாகிவிடும் என்று நினைக்காதீர்கள். குளோரினும் இந்தக் கரிமப் பொருளும் சேர்ந்து குளோரோஃபார்ம் போன்ற பொருள்கள் உண்டாவதை 1974-இல் யோஹன்னஸ் ரூக் ரோட்டர்டாம் நகரத் தண்ணீரில் கண்டு எழுதினார். நிறத்தை எடுத்த பிறகுதான் குளோரின். சோதனைக்குப் பிறகு அந்தத் தெளிந்த நீரையும் குடிக்கவேண்டாம்.

இனி மண். ஒரு முழ ஆழத்திலிருந்து ஈரமான காம்புட் மண்ணைக் கைப்பிடி அளவு எடுங்கள். உயிருள்ள வேரையும் மரத்துண்டையும் நீக்கிவிட்டு, உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிழியுங்கள். கையைத்தான் பார்க்கவேண்டும். விரலிடுக்கில் வடிவது வெறும் தண்ணீர் என்றால் மண் இன்னும் மட்கவில்லை. பழுப்புத் தண்ணீர் மட்டும் வந்து நார் முழுவதும் கைக்குள்ளேயே நின்றால் கொஞ்சம் மட்கியிருக்கிறது. பாதி மண் கேழ்வரகுக் கூழ் போல விரலிடுக்கில் பிதுங்கினால் நன்றாக மட்கிவிட்டது. முழுவதும் வழுக்கிக்கொண்டு வெளியேறிக் கையில் ஒன்றுமே மிஞ்சாவிட்டால் அதுதான் கடைசிப் படி. சுவீடன் நாட்டு லெனார்ட் வான் போஸ்ட் வகுத்த பத்துப் படிகளில் முதலாவது, மூன்றாவது, ஏழாவது, பத்தாவது இவை. அவர் பார்த்தது குளிர்நாட்டுப் பாசி மண். நம்முடையது மரம் மட்கிய மண், கட்டையும் சிம்பும் அதிகம். அதனால் ஒரே இடத்தில் மூன்று பிடி எடுத்துப் பாருங்கள். கான் ஓரத்து மேல்மண் என் கையில் முழுதாகப் பிதுங்கியது. அதே இடத்தில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே தோண்டியெடுத்ததில் ஓர் இலையின் நரம்பு அப்படியே இருந்தது. எந்தக் காலத்து இலையோ. அண்ணன் மகள் அதை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

அடுத்த சோதனையைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் அருகிலிருக்க, கண்ணாடியும் கையுறையும் அணிந்தே செய்யவேண்டும். லிட்டருக்கு 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைத்த நீரில், ஒரு பங்கு உலர்ந்த மண்ணுக்குப் பத்துப் பங்கு நீர் என்ற கணக்கில் கலந்து, நான்கு மணி நேரம் அவ்வப்போது குலுக்குங்கள். கறுப்புக் காப்பி போன்ற சாறு இறங்கும். அதை வடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அமிலத்தாளில் 1 என்று காட்டும் இடத்துக்கு வரும்போது சாறு திரியும். பால்மரக் (ரப்பர்) காலத்தில் ஸ்டோரில் ஃபார்மிக் அமிலம் ஊற்றியதும் பால் உறைவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அங்கே வெள்ளை, இங்கே கறுப்பு. உறைந்து அடியில் தங்குவது ஹியூமிக் அமிலம். மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்பது ஃபல்விக் அமிலம். காரத்திலும் கரையாமல் வடிதாளில் நின்றது ஹியூமின். வினிகரைக் கொண்டு இதைச் செய்ய முடியாது, அதன் புளிப்பு போதாது.

காரத்தில் எடுத்து அமிலத்தில் உறைய வைக்கும் இந்த வேலையைக் காம்புட் மண்ணில் 1786-இலேயே செய்தவர் ஃபிரான்ஸ் கார்ல் அஹார்ட். தண்ணீரில் கரைந்திருப்பதை யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ் சுவீடனின் போர்லா ஊற்றுநீரில் ஆராய்ந்தார். 1981-இல் பன்னாட்டு ஹியூமிக் பொருள்கள் சங்கம் தொடங்கியது. உலகத்து ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்க அச்சங்கம் வைத்திருக்கும் பொது மாதிரிகளில் பெயர்பெற்றது அமெரிக்காவின் சுவானி ஆற்றுத் தண்ணீரிலிருந்து எடுத்தது. அதுவும் சதுப்பில் பிறக்கும் ஆறு, நம் கானைப் போலவே பழுப்பு.

ஆனால் திட்டப்பணியில் ‘மண்ணில் ஹியூமிக் அமிலம் இவ்வளவு இருக்கிறது’ என்று எழுதிவிடாதீர்கள். 2015-இல் மண் ஆய்வாளர்கள் யோஹன்னஸ் லேமனும் மார்க்குஸ் கிளேபரும் இதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். காரம் பட்டுப் பிரிந்து வருவதையே மண்ணில் ஏற்கெனவே இருந்த தனிப்பொருள் என்று கொள்ள முடியாது. மண்ணில் இருப்பது பெரிதும் சிறிதுமாகச் சிதைந்துகொண்டே இருக்கும் பொருள்களின் தொடர் என்பது அவர்கள் வாதம். அவர்கள் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆகவே ‘காரத்தில் கரைந்து அமிலத்தில் உறைந்த பங்கு’ என்று, செய்ததை மட்டும் எழுதுங்கள். தண்ணீரை ஆய்பவர்களுக்கு இந்தப் பிரிவு இன்னும் பயன்படுகிறது.

இப்போது மண்ணில் எவ்வளவு கார்பன் என்ற கணக்கு. காலி பால் டின்னில் எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். அடித்தட்டில் இரண்டு துளை போட்டு, கவிழ்த்து மண்ணில் அழுத்தி, நசுக்காமல் வெட்டியெடுங்கள். 105 பாகை அடுப்பில் ஒரு நாள் முழுவதும் உலர்த்தி எடை போடுங்கள். எங்கள் டின் 390 மி.லி., உலர்ந்த மண் 58 கிராம். கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.15 கிராம். அத்தனை பெரிய கட்டி கையில் அவல் மூட்டை போல இலேசாக இருந்தது. அதிலிருந்து 20 கிராமைப் பள்ளியின் உலையில் 550 பாகையில் நான்கு மணி நேரம் எரித்தோம். மூன்று கிராம் சாம்பல் மிஞ்சியது. போனது 17 கிராம், நூற்றுக்கு 85 கரிமப் பொருள். அதை 1.724 ஆல் வகுத்தால் கார்பன் ஏறத்தாழ 49 விழுக்காடு வருகிறது. கரிமப் பொருளில் 58 விழுக்காடு கார்பன் என்ற பழைய கணிப்பிலிருந்து வந்த எண் அது. ஆற்றோரக் களிமண்ணுக்கு இந்த முறை பொருந்தாது. களிமண் தன் கட்டமைப்பிலுள்ள நீரையும் உலையில் இழப்பதால் கரிமப் பொருள் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதற்கு 1934-இலிருந்து புழங்கும் வால்க்லி-பிளாக் டைகுரோமேட் முறை இருக்கிறது. அந்த இரசாயனம் நச்சு, பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, நிலம் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க ஒரு கம்பி. இங்கிலாந்தின் ஹோம் ஃபென் சதுப்பில் 1851-இல் உச்சி நிலமட்டத்தில் இருக்கும்படி நட்ட இரும்புத் தூண் இன்று ஏறத்தாழ நான்கு மீட்டர் வெளியே நிற்கிறது. நமக்குத் துருப்பிடிக்காத ஒரு குழாய் போதும். ஆனால் அடியிலுள்ள களிமண்ணில் உறுதியாக இறங்கி நிற்கவேண்டும். காம்புட் மண்ணில் மட்டும் நின்றால் மண்ணோடு அதுவும் இறங்கும், ஒன்றும் தெரியாது. நிலமட்டத்தில் ஒரு கோடு கீறி, சுற்றிலும் யாரும் மிதிக்காமல் வேலி கட்டுங்கள். பக்கத்திலேயே துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றைப் புதைத்தால் நிலத்தடித் தண்ணீர் மட்டத்தையும் அளக்கலாம். மாதம் ஒருமுறை இரண்டையும் எழுதுங்கள். மழைக்காலத்தில் மண் ஊதிச் சற்று உயரும், வறண்ட மாதத்தில் ஒடுங்கும். ஆகவே ஓராண்டு முடியாமல் கணக்குப் போடாதீர்கள்.

ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஒரு ஹெக்டரில் 100 கன மீட்டர் மண். எங்கள் டின் கணக்கில் அது 15 டன் உலர்ந்த மண், அதில் ஏழு டன்னுக்கு மேல் கார்பன். இறங்கியது எல்லாமே எரிந்தும் கரைந்தும் போனதல்ல, ஒரு பங்கு மண் அழுந்தியதால் வந்தது. அதைப் பிரித்தறிய, அதே டின்னை ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்தருகே அழுத்தி எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் அந்த அளவுக்கு மண் அழுந்தியிருக்கிறது.

மாமா தன் வீட்டுப் பின்கானில் மூங்கிலும் மணல் மூட்டையும் வைத்துத் தண்ணீரைத் தேக்கத் தொடங்கியிருக்கிறார். ராஜா மூசா காட்டிலும் காட்டை மீட்பவர்கள் பழைய கான்களை அடைத்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள். செம்பனை வேர் அழுகாமல் எவ்வளவு உயரம் தேக்கலாம் என்று மாமா அந்தப் பிவிசி குழாயைப் பார்த்து முடிவு செய்கிறார். இப்போது நிலமட்டத்துக்கு அரை மீட்டர் கீழே தண்ணீர் நிற்கிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு அண்ணன் மகள் சைக்கிளில் வந்து, நான்காம் படியில் பையை வைத்துவிட்டு, குழாய்க்குள் நூலை இறக்குகிறாள்.